சயனைடு மேட்டில் விமான ஆன்டெனா அளந்த கதை

பெங்களூர் ஆபீஸில் இப்போது நீல ரூம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் கூர்கூராக நீலப் பஞ்சு. உள்ளே நின்று பேசினால் குரல் எங்கேயும் இடித்துத் திரும்பி வராது. வேலையை விட்டு நிற்கும் கடைசி வாரத்தில், துடைக்கிற சாக்கில் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டைரக்டர் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை திட்டிப் பார்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. அதனால் எனக்குச் சால்வை போட்டு நல்லபடியாகவே வழியனுப்பினார்கள்.

அந்த ரூமில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள்தான் கேட்டார்கள்.

"ஆயா, இந்த ரூம் இல்லாத காலத்துல ஆன்டெனாவ எங்க வெச்சி அளந்தீங்க?"

"வெய்யில்ல."

"ஜோக் அடிக்காதீங்க ஆயா. எழுதிக் குடுங்க. ஆபீஸ் மலர்ல போடறோம்."

ஒரு பக்கம் போதும் என்றார்கள். அது ஒரு பக்கத்தில் அடங்குகிற சமாசாரம் இல்லை. ஆபீஸ் மலரில் போடுகிற சமாசாரமும் இல்லை. நான் ஆறாவது வரைதான் படித்தேன், அதுவும் ஆறாவதில் பாதி. நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் மருமகள். நல்ல தமிழாக மாற்றி எழுதியிருக்கிறாள், கெட்ட வார்த்தைகளை எல்லாம் எடுத்துவிட்டாள். அதனால்தான் கட்டுரை இவ்வளவு சின்னதாகிவிட்டது.

என் பெயர் ஞானம்மா. ஊர் கோலார் தங்க வயல், ஆண்டர்சன்பேட்டை. சுரங்கத்தை மூடியபோது என் வீட்டுக்காரருக்குக் கையில் கொடுத்தது ஒரு மாலையும் நெஞ்சு நிறைய மண்ணும். மாலை அன்றைக்கே வாடியது. மண்ணை அவர் சில வருஷம் வைத்திருந்துவிட்டு, கூடவே எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் ஊரில் எல்லாரும் செய்ததை நானும் செய்தேன். விடிவதற்கு முன் ரயில் ஏறி, பெங்களூரில் கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்து, இருட்டிய பிறகு திரும்பி வந்தேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பிள்ளைகளைத் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். வளர்ந்துவிட்டானா என்று காலைத்தான் அளந்து பார்ப்போம், போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே.

அப்படி இருக்கும்போது எங்கள் ஊர் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு கம்பெனி கொட்டகை போட்டு, பெண்களை வேலைக்கு எடுக்கிறது என்று செய்தி வந்தது. ஊருக்குள்ளேயே வேலை. நடந்து போய் நடந்து வரலாம். மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பாம்பு பிடிக்கிற வேலை என்று சொல்லியிருந்தாலும் வரிசையில் நின்றிருப்போம்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவள் யசோதரா. எங்கள் ஊர்ப் பெண்தான். பாலகாட்டில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள், புத்த மதத்துக் குடும்பம். பெங்களூரில் படித்து, கம்பெனித் தலைமை ஆபீஸில் ஆன்டெனா டிசைன் செய்துகொண்டிருந்தாள். அளக்கிறதுக்கு ஒரு இடம் வேண்டும் என்று கம்பெனி தேடியபோது, எங்கள் ஊர் மேட்டைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். மற்றவர்கள் எதிரில் நான் அவளை மேடம் என்பேன். யாரும் இல்லாவிட்டால் கண்ணு. அவள் என்னை எப்போதும் ஆயா என்றே கூப்பிடுவாள்.

பரீட்சை என்று ஒரு பிசுபிசு ஷீட்டைக் கொடுத்து, குமிழி இல்லாமல் தகட்டின் மேல் ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். நகத்தால் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு மின்னாடி இன்னா வேல ஆயா?"

"காலர் தெச்சேன் மேடம். கழுத்துல சுருக்கம் வந்தா சூப்பர்வைசர் நம்ம கழுத்தைப் புடிப்பான்."

"இங்க கழுத்தெல்லாம் புடிக்க மாட்டாங்க. இன்னொரு தடவ ஒட்டுன்னு சொல்லுவாங்க, அவ்ளோதான்."

அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் செய்தது விமானத்தின் முதுகில் வைக்கிற ஆன்டெனா. வானத்தில் போகும்போது ஆட்கள் போனில் படம் பார்க்கிறார்களே, அந்த இன்டர்நெட் மேலே இருக்கிற சேட்டிலைட்டில் இருந்து அதன் வழியாகத்தான் வருகிறது. குடை மாதிரி எல்லாம் இருக்காது. பார்த்தால் சதுரமான பெரிய தோசைக்கல். சின்னச் சின்னச் செப்புக் கட்டம் அச்சடித்த ஷீட், அதன் கீழே நுரை, மறுபடியும் ஷீட் என்று அடுக்கு அடுக்காக ஒட்டி அழுத்தி எடுப்போம். விமானம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டு அந்த ஒரு சேட்டிலைட்டைப் பார்த்தே பேச வேண்டும். பக்கத்தில் இருக்கிற இன்னொரு சேட்டிலைட்டின் மேல் கொஞ்சங்கூடச் சிந்தக் கூடாது.

ஒட்டுவதற்கு முன்னால் யசோதரா அதைக் கம்ப்யூட்டரில் செய்துவிடுவாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த ரூமுக்குள் போவாள். சாமி ரூமா என்று கேட்டேன், தூசி வரக்கூடாது என்றாள். முழு விமானமும் உள்ளே இருந்தது. அதன் மேல் வலை போட்ட மாதிரி முக்கோணம் முக்கோணமாக வெட்டியிருப்பாள். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கம்ப்யூட்டர் தனித்தனியாகக் கணக்குப் போடும். இன்று ஓடவிட்டால் மறுநாள் காலையில்தான் படம் வரும்.

"இது இன்னா மேடம், விமானத்துக்கு அம்ம போட்ட மாதிரி இருக்குது?"

"செவப்பு இருக்கிற எடத்துல சிக்னல் ஜாஸ்தி ஆயா. நீலம்னா கம்மி."

"வாலு பக்கம் ஒரே நீலமா இருக்குதே."

"வாலு மறைக்குது. அதுக்குத்தான் தட்ட மின்னாடி தள்ளி வெக்கிறேன்."

"வாங்காத விமானத்துல, செய்யாத தட்ட, எங்க வேணா தள்ளலாம்."

"அதுக்குப் பேருதான் சிமுலேஷன் ஆயா."

மற்ற இன்ஜினீயர்கள் படம் வந்ததும் கலரைப் பார்த்துக் கை தட்டுவார்கள். அவள் படத்தைப் பார்க்க மாட்டாள். முதலில் கீழே பொடி எழுத்தில் கம்ப்யூட்டர் முனகியிருப்பதை வரி வரியாகப் படிப்பாள். எந்த இடத்தில் தனக்குச் சந்தேகம் என்று அதில் அது சொல்லியிருக்குமாம். அந்தச் சந்தேகம் தீர்ந்தால்தான் படத்துக்கே போவாள். யாரையும் தப்பு செய்தாய் என்று சொன்னதில்லை. மத்தியானம் நின்றுகொண்டே சாப்பிடுவாள். காலையில் எங்களை எல்லாம் நிற்கவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நேத்துக்கும் இன்னிக்கும் இன்னா மாறிச்சி?"

கோந்து டப்பா புதுசு என்றாலும் சொல்ல வேண்டும். மேசை ஒரு விரல் நகர்ந்திருந்தாலும் சொல்ல வேண்டும். நான் ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல் சொன்னேன்.

"நேத்து பச்சப் பொடவ மேடம், இன்னிக்கு ஊதா."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஜரிகை இருக்குதா?"

"கொஞ்சம் இருக்குது."

"அப்ப இன்னிக்கு நீங்க மேசைக்கிட்ட வராதீங்க. ஜரிகை சிக்னலத் திருப்பி அடிக்கும்."

அன்று முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தேன். அது சாதாப் புடவை, நான் சும்மா பெருமைக்குச் சொன்னது. அதை அவளிடம் சொல்லவில்லை, உட்காரக் கிடைத்ததே என்று விட்டுவிட்டேன்.

சிமுலேஷன் சொன்னபடியே தட்டு நடந்துகொள்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் மேடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கல்லை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரில் மலையாகவே நிற்கிறது. தங்கம் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. மாவை மட்டும் எங்களை நம்பி விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மேட்டின் உச்சியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஹார்ன் என்று ஒன்று, ஸ்பீக்கர் வாய் மாதிரி இருக்கும். அதுதான் சேட்டிலைட் மாதிரி மேலே இருந்து சிக்னல் அனுப்பும். கீழே எங்கள் கொட்டகை மாடியில், விமான முதுகு போல வளைத்த அலுமினியத் தகடு. அதன் மேல் எங்கள் தட்டு. அதைத் தாங்குகிற மேசை கொஞ்சம் கொஞ்சமாக இடமிருந்து வலமாகத் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவு சிக்னல் என்று கம்ப்யூட்டர் கோடு போடும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் ரேஞ்ச் என்று பெயர்.

மேட்டு உச்சிக்கு ஆள் சவரி அண்ணன். சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கு அடியில் ஷாஃப்ட் ஓரமாக நின்று, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜுக்கு மணி அடித்தவர். அளக்கும்போது போன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்பதால், மேலே ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அதையே மணியாக்கிக்கொண்டார். மேசை ஒரு தடவை திரும்பி முடிப்பது ஒரு ரவுண்டு. ரவுண்டு ஆரம்பிக்க ஒரு அடி, நிறுத்த இரண்டு அடி. கீழே இருந்து நாங்கள் பதில் மணி அடிக்காமல் அவர் கையை எடுக்க மாட்டார். அவருக்கும் நெஞ்சில் மண். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏற முடியும். காலையில் சாப்பாடும் தண்ணிக் குடமுமாக ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்.

"மேல தனியா போரடிக்கலியாண்ணே?"

"கீழ ரெண்டாயிரம் அடியில இருந்தவனுக்கு மேல இருக்க வலிக்குதா? இங்க காத்தாவது இருக்குது."

அந்தக் காற்றுதான் எங்களைக் கவிழ்த்தது. ஆனால் அது தெரிய மாசங்கள் ஆயின.

முதல் பெரிய தட்டை அளந்த நாள். காலையில் முதலில் கீழே மேசையில் அளவு ஹார்ன் என்று வேறு ஒன்றை வைப்போம். அதன் பலம் எவ்வளவு என்று முன்பே தெரியும், எடைக்கல் மாதிரி. அதற்கு ஒரு கணக்கு எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றிவிட்டு எங்கள் தட்டை வைத்தோம். சவரி அண்ணன் மணி அடித்தார். கம்ப்யூட்டர் சொன்ன கோடு பச்சை, அளந்த கோடு கறுப்பு. பச்சைக் கோடு சர்ச் கோபுரம் மாதிரி, நடுவில் உச்சி, இரண்டு பக்கமும் சமமான தோள். கறுப்புக் கோடு வந்தது. உச்சி குட்டை. இடது தோள் தொங்கிக் கிடந்தது, வலது தோள் ஏறி நின்றது. மூட்டை தூக்கித் தூக்கிப் பழகியவன் நிற்கிற மாதிரி.

"இன்னொரு தடவ," என்றாள் யசோதரா.

மறுபடியும் அதே கோணல். மறுநாள், அதற்கு மறுநாள், அதே கோணல். கோந்தை மாற்றினாள். அலுமினிய வளைவை மாற்றினாள். நான் ஒட்டியதில் குமிழி இருக்கலாம் என்று தட்டை அறுத்துப் பார்த்தாள். என் கண் எதிரிலேயே அறுத்தாள். குமிழி இல்லை.

"மன்னிச்சிக்கோங்க ஆயா."

"பரவால்ல மேடம். என் பிரசவத்துல கூட இப்படித்தான் அறுத்துட்டு ஒண்ணுமில்லன்னு தெச்சாங்க."

பிறகு கம்ப்யூட்டருக்குள் போய்ப் பார்த்தாள். முக்கோணத்தை இன்னும் சின்னதாக வெட்டினாள். கோந்தின் தடிப்பை, நுரையின் ஈரத்தை, ஆணித் தலையைக்கூட உள்ளே வைத்தாள். என்ன செய்தும் கம்ப்யூட்டர் அந்தக் கோணலைக் காட்டவில்லை. பச்சைக் கோபுரம் நேராகவே நின்றது. வாரக்கணக்கில் அவள் முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. கடைசியில் ஒரு நாள் சொன்னாள்.

"ஒரு தடவ வந்தா அளந்தது தப்புன்னு சொல்லலாம். தெனமும் அதே மாதிரி வந்தா அத நம்பித்தான் ஆவணும். என் கணக்குலதான் ஏதோ இல்ல."

இடது பக்கக் கட்டங்களுக்குப் பலத்தை ஏற்றிவிட்டுப் புதுத் தட்டு வரைந்தாள். ஒட்டினோம், அளந்தோம். கறுப்புக் கோடு நேராக நின்றது.

தலைமை ஆபீஸில் இருந்து டைரக்டர் காரில் வந்தார். எங்களைப் பார்த்து "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். கன்னடத்தில் வாங்க என்று அர்த்தம். ஊருக்குப் புதிதாக வந்த ஆயா ஒருத்தி முகம் சிவந்துபோனாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அவசரம் இல்லை.

"கம்ப்யூட்டர் காட்டாத தப்ப உங்க மேடு காட்டிடுச்சி," என்றார். "இந்த ரேஞ்ச் இல்லன்னா நாம ஏமாந்திருப்போம். இனிமே நம்ம கம்பெனி செய்யற எல்லாத் தட்டுக்கும் இந்தக் கோணலச் சேத்துத்தான் கணக்கு. எல்லாத் தட்டும் இங்க வந்துதான் அளக்கணும். கொட்டகையப் பெருசாக்கறோம். ஆளு எடுங்க."

ராபர்ட்சன்பேட்டையில் இருந்து மைசூர்பாகு வந்தது. யசோதரா பெண்களைப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். என் எதிர் வீட்டுக் கலா, இரண்டு சின்னப் பிள்ளைகள், குடிகாரப் புருஷன், பெங்களூர் கார்மென்ட்ஸில் லைன் லீடராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று ஷீட் ஒட்டப் பழகினாள். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது கையில் குழம்பு வாசனை இருக்கும். கையைக் கழுவிட்டு ஷீட்டைத் தொடு என்று நான் திட்டுவேன்.

"கழுவ மனசு வரல ஆயா. பகல்ல சோறு ஊட்டினதே இல்ல நானு."

எல்லாருக்கும் வயிறு குளிர்ந்த காலம் அது. யசோதராவுக்கு மட்டும் இல்லை. அளந்தது சரியாக வந்தும், கம்ப்யூட்டர் ஏன் அதைக் காட்டவில்லை என்பது அவளைத் தின்றுகொண்டிருந்தது. புதுத் தட்டின் படத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு நாள் ரவுண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள்.

"ஹார்ன் நிக்கிற எடத்துல நின்னு ஒரு தடவ பாக்கறேன். வரீங்களா ஆயா?"

அளக்கும்போது அவள் எப்போதும் கீழே மிஷினோடுதான் இருப்பாள். மேட்டுக்குக் காலையில் போய் ஹார்னைத் துடைத்து நேராக வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். ரவுண்டின் நடுவில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. காற்று நன்றாக அடித்தது. முகத்தில் எல்லாம் மாவு. மூச்சு வாங்க நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, அவள் தகரப் பெட்டியின் எதிரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஹார்ன் வாயை மூடி ஒரு கோணிச் சாக்கு தொங்கியது. சொட்டச் சொட்ட ஈரம்.

"அண்ணே, இது இன்னா?"

"சாக்கு மேடம்," என்றார் சவரி அண்ணன்.

"எப்பருந்து போடறீங்க?"

"காத்து வந்தா போடுவேன். மாவு உள்ள பூந்தா மிஷினு கெட்டுப்பூடும் இல்ல?"

"தெனமுமா?"

"காத்து தெனமும் வருதே. காலையில வராது, நீங்க எடைக்கல்லு வெச்சி முடிச்சதுக்கப்புறம் வரும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் மணி அடிக்கிறதுக்கு மின்னாடி நனைச்சிப் போட்டுடுவேன். ஒரு நாளும் தவறினதில்ல."

"நான் தெனமும் கேட்டேனே அண்ணே. இன்னா மாறிச்சின்னு."

"மாறினாத்தானே மேடம் சொல்றதுக்கு? இது மாறவே இல்லியே."

பாராட்டை எதிர்பார்த்து நின்றார். எங்கள் ஊரில் மேட்டுக் காற்று கிளம்பினால் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஈரச் சாக்கு கட்டுவோம். சோற்றுப் பானை மேல் ஈரத் துணி போடுவோம். அதை ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை. அந்த நிமிஷம் என் வீட்டு ஜன்னலிலும் ஒரு சாக்கு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யசோதரா வீட்டிலும் இருந்திருக்கும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் போட்டிருப்பேன், நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும் என்று எனக்கே தெரியும். மழை நாளில் அளக்க மாட்டோம். எடைக்கல் வைக்கும்போது சாக்கு இல்லை, தட்டு வைக்கும்போது சாக்கு உண்டு. அதனால் தட்டு குட்டை. மேசை இடது பக்கத்தில் இருந்து திரும்பத் தொடங்கும்போது சாக்கு நல்ல ஈரம், வலது பக்கம் போய்ச் சேரும்போது காய்ந்திருக்கும். அதனால் இடது தோள் தொங்கியது, வலது தோள் ஏறியது. அவர் ஒரு நாள் மறந்திருந்தால், ஒரு ரவுண்டு சோம்பேறித்தனம் பட்டிருந்தால், கோடு மாறியிருக்கும், சந்தேகம் வந்திருக்கும். மனுஷன் மறக்கவே இல்லை.

அவள் சாக்கை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள். "காத்து வந்தா எனக்கு மணி அடிங்கண்ணே, நான் நிறுத்திடறேன்" என்று மட்டும் சொன்னாள். பாதி மேடு இறங்கிய பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"சாக்குதான் எடுத்துட்டம். இதோட வுடு கண்ணு."

"எப்படி ஆயா வுடறது? மாத்தின தட்டுதான் விமானத்துக்குப் போவப்போவுது. எடது பக்கம் பலத்த ஏத்தி வெச்சிக்கிறேன். அது பக்கத்து சேட்டிலைட்டுல போயி அடிக்கும். வேற யாரோ பேசறதக் கெடுக்கும்."

"அப்ப பழைய தட்டையே குடு. யோசிச்சிப் பாத்தேன், இதுதான் நல்லாருக்குதுன்னு சொல்லு. சாக்கு பேச்ச இன்னாத்துக்கு எடுக்கணும்?"

"எல்லாத் தட்டுக்கும் இந்தக் கோணலச் சேக்கச் சொல்லிட்டாரே. இல்லாத கோணலு. நான் சொல்லலன்னா எல்லாமே கோணலாப் போவும்."

"சொன்னா இன்னா ஆவும்னு தெரியுதா உனக்கு? கம்ப்யூட்டரு காட்டாதத மேடு காட்டிச்சின்னுதானே கொட்டகையப் பெருசாக்கறான். மேடு காட்டினது ஒரு சாக்குன்னு தெரிஞ்சா?"

அவள் இன்னும் வேகமாக இறங்கினாள்.

"கலாவுக்கு இன்னா சொல்லுவ?"

"தெரியல ஆயா."

மறுநாள் காலை, காற்று வருவதற்கு முன்னால், அறுக்காமல் மிஞ்சியிருந்த பழைய தட்டு ஒன்றை வைத்து அளந்தாள். கறுப்புக் கோடு பச்சைக் கோட்டின் மேல் படுத்துக்கொண்டது. எங்கே எது என்று தெரியவில்லை. அவள் விரலை வைத்து ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை தடவினாள். அத்தனை மாசத்தில் அவ்வளவு அழகான கோட்டை நாங்கள் பார்த்ததில்லை. கலா புதுசு, அதனால் அவள் மட்டும் கை தட்டினாள்.

எங்கள் எதிரிலேயே டைரக்டருக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். சவரி அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. காற்றுக்கு மூடியதை நான் கவனிக்கவில்லை, என் தப்பு என்றாள். 

"அப்ப உன் சிமுலேஷன் மொதல்லருந்தே கரெக்டா?"

"ஆமா சார்."

"ரொம்ப சந்தோஷம் யசோதரா. நிஜமா சொல்றேன்." அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "அப்ப ரேஞ்ச் எதுக்கு?"

"கரெக்டுன்னு தெரிஞ்சதே ரேஞ்சாலதான் சார்."

"அதான் தெரிஞ்சிடுச்சே," என்றார்.

கொஞ்ச நாளில் கொட்டகையைக் காலி செய்தார்கள். அலுமினிய முதுகை இரும்புக் கடைக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். பிறகு பெங்களூரில் இரண்டு வருஷம் வெறும் சிமுலேஷனிலேயே ஓட்டிவிட்டு, அளந்த கணக்கு இல்லாமல் விமானக் கம்பெனிகள் வாங்க மாட்டோம் என்று சொன்ன பிறகு, அந்த நீல ரூமைக் கட்டினார்கள். உள்ளே காற்று கிடையாது, மாவு கிடையாது, கொட்டகைப் பெண்களும் கிடையாது. தரை துடைக்க என்னை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கலாவின் பழைய வேலை வேறு ஒருத்திக்குப் போயிருந்தது. இன்னும் தூரத்தில் ஒரு கார்மென்ட்ஸில், லைன் லீடராக இல்லை, சாதா டெய்லராகச் சேர்ந்தாள். முன்னை விட முந்தின ரயில்.

சவரி அண்ணனை ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரு தடவை பார்த்தேன். முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடத்துகிட்ட சொல்லு ஞானம்மா. நான் நல்லதுக்குத்தான் போட்டேன்னு."

"அவளுக்குத் தெரியும்ணே. உன் பேரக் கூட அவ எடுக்கல."

"நல்லதுக்குன்னு தெரிஞ்சும் போன்ல சொன்னாளா?"

காயைத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிட்டு, இருமிக்கொண்டே போனார். அந்த வருஷக் கடைசியில் அவரை சாம்பியன் சுரங்கத்தை ஒட்டிய கல்லறையில் வைத்தோம். யசோதரா வந்து எல்லாருக்கும் பின்னால் நின்றாள்.

அவளும் பெங்களூருக்குத்தான் போனாள். சம்பளம் ஏற்றிக் கொடுத்தார்கள், அங்கேயே வீடு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மாவை விட முடியாது என்று தினமும் ரயிலிலேயே வந்து போனாள். நாங்கள் ஏறுகிற அதே லேடீஸ் பெட்டி. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஏறியதும் பக்கத்து இடத்தில் பையை எடுத்து வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் மட்டும் இல்லை, பார்த்தவர்களின் அக்கா தங்கைகளும். அவள் கதவுப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட யாரிடமும் தள்ளி உட்காரச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு காலையில் நானும் இடம் கிடைக்காமல் அவள் பக்கத்தில் நின்றேன். இன்னும் விடியவில்லை. எதிரில் கலா, மடியில் டிபன் பை, பக்கத்தில் இன்னொரு பை.

"நான் சொல்லாம இருந்திருக்கணுமா ஆயா?"

கேலி செய்ய வாய் ஊறியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னேன்.

"இருந்திருக்கணும்."

தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை.

"நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட வாயால சொல்றீங்க."

"மத்தவங்க பைய வெச்சிச் சொல்றாங்க."

கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மறுபடியும் அப்படியே நடந்தாலும் சொல்லுவேன் ஆயா" என்றாள்.

"தெரியும் கண்ணு. இந்த ஊருக்கு இன்னொரு வேல வராம போனாலே நல்லதுன்னு அதுக்குத்தான் நெனைச்சிக்கினு இருக்கேன்."

பங்காரப்பேட்டையில் வண்டி நின்றது. கூட்டம் ஏறி எங்களை உள்ளே தள்ளியது. யசோதரா கலாவின் முழங்காலை இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கலா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, இமை ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை அந்தப் பக்கத்துப் பையின் பிடியில் இருந்தது. பையை எடுக்கச் சொல்லி நானும் கலாவிடம் கேட்கவில்லை. யசோதரா அன்றும் பெங்களூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.